நங்கூரம் போட்ட மோதிரம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலைகாட்டல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இப்ப எழுத உட்கார்ந்ததும் ஒரு குற்ற உணர்ச்சியிலதான். வயசான ஒருத்தங்களுக்கு ஆசை காட்டிட்டு, அப்புறம் நானே போய் அதை உடைச்ச கதை. நடுநடுவுல கொஞ்சம் தங்கம், கொஞ்சம் கல், கொஞ்சம் புலம்பல் எல்லாம் வரும். பொறுத்துக்குங்க மக்களே.

எங்க அபார்ட்மெண்ட்ல கீழ் வீட்டுல ஒரு டீச்சரம்மா இருக்காங்க. ரிடையர் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. தனியாத்தான் இருக்காங்க. போன ஜூன் மாசம் பேரனுக்குக் காலேஜ் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும்னு பழைய மோதிரம் ஒண்ணை எடுத்துக்கிட்டுக் கடைவீதிக்குப் போயிருக்காங்க. திரும்பி வரும்போது முகம் செத்துப் போயிருந்துச்சு. மாடிப்படியில பார்த்து, "என்னங்க டீச்சர்?"னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. இதுல 916 இல்லியாம். இங்கிலீஷ் தங்கம், ஒம்பது காரட்தானாம். கல்லு வெறும் கண்ணாடியாம். ஹால்மார்க் இல்லாததை வாங்கவே கூடாதுன்னு சட்டமாம், ஏதோ தெரிஞ்சவங்கன்னு எடுத்துக்கறேன்னு சொன்னாங்க. நான் யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்."

இதுல மூணு விஷயம் இருக்கு. மூணுமே தப்பு. ஆனா அது அப்ப எனக்கு முழுசாத் தெரியாது.

மோதிரத்தோட பூர்வீகம் இது: டீச்சரோட மாமனார் குன்னூர்ல ஒரு டீ எஸ்டேட்ல கணக்குப் பார்த்தவர். சுதந்திரம் வந்த சமயத்துல ஊரைப் பார்க்கக் கிளம்பின துரை ஒருத்தர் வீட்டுச் சாமானெல்லாம் ஏலத்துக்கு வந்திருக்கு. நாற்காலி, கிராமபோன், பீங்கான் தட்டு இதோடெல்லாம் சேர்ந்து இந்த மோதிரமும். ஆக, இவங்க வீட்டுக்கு வரும்போதே அது செகண்ட் ஹேண்ட். நடுவுல நீள்வட்டமா ஒரு சிவப்புக் கல், நாலு பக்கமும் கவ்விப் பிடிச்ச மாதிரி கட்டு, அடிப்பக்கம் திறந்திருக்கும். வளையத்தோட உள்பக்கம் குட்டி குட்டியா என்னமோ அடிச்சிருக்கு. அதுல ஒண்ணு நங்கூரம். அதைப் பார்த்துட்டு, துரை கப்பல் கம்பெனிக்காரர்னு அந்தக் குடும்பத்துல மூணு தலைமுறையா நம்பிக்கிட்டு இருக்காங்க!

எனக்குக் காசு சேர்க்கிற பைத்தியம் உண்டுன்னு பழைய பதிவெல்லாம் படிச்சவங்களுக்குத் தெரியும். அதனால பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு எப்பவும் மேஜை டிராயர்ல கிடக்கும். "குடுங்க டீச்சர், பார்க்கலாம்"னு வாங்கிட்டு மாடிக்கு வந்தேன். வினை அங்கதான் ஆரம்பிச்சுது.

லென்ஸ்ல பார்த்தா வரிசையா அஞ்சு அடையாளம். செஞ்சவரோட முதலெழுத்துக்கள் ரெண்டு. அப்புறம் 15. அப்புறம் .625. அப்புறம் நங்கூரம். கடைசியா தேய்ஞ்சு போன ஒரு சின்ன எழுத்து.

நங்கூரம்னா கப்பல் இல்ல. இங்கிலாந்துல பர்மிங்காம் ஊர்ல தங்கம் வெள்ளியைச் சோதிச்சு முத்திரை குத்துற அலுவலகத்தோட சின்னம். 1773-லேர்ந்து இருக்கு. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை, அந்த மாதிரி பர்மிங்காமுக்கு நங்கூரம். பர்மிங்காமும் ஷெஃபீல்டும் ஒரே சமயத்துல இந்த உரிமைக்காக லண்டன்ல போய் நின்னப்ப, ஆளுங்க கூடிப் பேசினது 'கிரௌன் அண்ட் ஆங்கர்'னு ஒரு சாராயக்கடையில, அதனாலதான் ஒருத்தருக்குக் கிரீடமும் இன்னொருத்தருக்கு நங்கூரமும் வந்துச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதை நிஜமோ பொய்யோ, நல்லாருக்கு.

15-ங்கறது காரட். 24-ல 15 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்துக்கு 625. அதைத்தான் பக்கத்துலயே .625-னு அடிச்சிருக்காங்க. இந்த 15 காரட்டை இங்கிலாந்துல 1854-ல கொண்டுவந்து, 1932-ல நிறுத்திட்டாங்க. 12 காரட்டையும் இதையும் தூக்கிட்டு 14 காரட்டைக் கொண்டுவந்தாங்க. அதனால 15-னு பர்மிங்காம் முத்திரை இருந்தா அந்த மோதிரம் 1932-க்கு முந்தினது, யாரையும் கேக்க வேண்டாம். கடைசி எழுத்து எந்த வருஷம்னு சொல்றது. அது தேய்ஞ்சு போனதால அச்சுப் பட்டியலோட ஒப்பிட்டுப் பார்த்து, 1910-க்கும் 1915-க்கும் நடுவுலன்னு மட்டும் ஒரு முடிவுக்கு வந்தேன்.

இப்ப கணக்குப் போடுங்க. மோதிரம் கல்லோட 4.3 கிராம். கல்லுக்கு 0.2 கிராம் தள்ளுனா 4.1. ஒம்பது காரட்னா அதுல சுத்தத் தங்கம் 1.54 கிராம். பதினஞ்சு காரட்னா 2.56 கிராம். ஒரே வார்த்தையில ஒரு கிராம் சுத்தத் தங்கம் காணாமப் போயிருக்கும். இன்னிக்கு ஒரு கிராம் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும், நான் வேற எழுதி வயித்தெரிச்சலைக் கிளப்ப வேண்டாம்.

கடைக்காரர் வேணும்னே சொன்னாரா, தெரியாமச் சொன்னாரா? எனக்கென்னவோ ரெண்டாவதுதான்னு தோணுது. நம்ம ஊர்ல 916-ஐத் தவிர வேற எண்ணைப் பார்த்தாலே அது தங்கம் இல்லைங்கற மாதிரி ஒரு நினைப்பு. 750-ன்னா 18 காரட், 585-ன்னா 14, 375-ன்னா 9. சவுதி, குவைத் பக்கம் போய்ட்டு வந்தவங்க கொண்டுவர்றதுல 875 இருக்கும், அது 21 காரட். இதெல்லாம் தங்கம்தான், அளவு வேற, அவ்வளவுதான். அதே சமயம் 925-ன்னு இருந்து மஞ்சளா மின்னுச்சுன்னா அது வெள்ளி மேல முலாம். ஜி.பி.ன்னு இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து இருந்தாலும் முலாம்தான். எண் பெருசா இருக்குன்னு ஏமாறக் கூடாது.

இன்னொரு வேடிக்கை, கே.டி.எம். என் கல்யாண மோதிரத்துல அது இருக்கு. தங்கமணி அதைப் பெருமையா எல்லார்கிட்டயும் காட்டுவாங்க (நம்ம பதிவுலகத் தங்கமணிதாங்க, இந்தப் பதிவுல குழப்பம் வரக் கூடாதுன்னு சொல்லிடறேன்). கே.டி.எம். தங்கத்தோட தரமே இல்ல. காட்மியம் கலந்த பொடியில பத்த வெச்சதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி செம்பு கலந்த பொடியில பத்த வெப்பாங்க, உருக்கினா நகையோட மொத்தத் தரம் இறங்கிடும். காட்மியத்துல அந்தப் பிரச்சனை குறைஞ்சுது. ஆனா அந்தப் புகை பட்டறையில உட்கார்ந்து ஊதுற ஆசாரியோட நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தின்னுடும். ஹால்மார்க் நகையில காட்மியத்துக்கு இடமில்லாமப் போனது அதனாலதான். நான் விரல்ல போட்டுக்கிட்டுத் திரியறது யாரோ ஒரு ஆசாரியோட மூச்சுக்காத்து.

'பழைய நகைன்னா சுத்தத் தங்கம்பா'ன்னு ஒரு வசனம் எல்லார் வீட்லயும் உண்டு. மேல சொன்ன பொடி ஒண்ணு போதும் அதை உடைக்க. போதாக்குறைக்கு 1963-ல தங்கக் கட்டுப்பாடு வந்தப்ப 14 காரட்டுக்கு மேல புது நகையே செய்யக் கூடாதுன்னு விதி. 1966-ல அந்த வரம்பு போச்சு. அதுக்குள்ள எத்தனையோ ஆசாரிகள் குடும்பம் தெருவுக்கு வந்துடுச்சு. அந்த மூணு வருஷத்துல கல்யாணம் பண்ணினவங்க வீட்டுப் பெட்டியில என்ன தங்கம் இருக்குன்னு உரைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

ஹால்மார்க் இல்லாததை வாங்கவே கூடாதுன்னு அந்தக் கடையில சொன்னாங்க இல்லையா, அதுவும் தப்பு. 2021 ஜூன்ல கட்டாய ஹால்மார்க் வந்துச்சு. 2023 ஏப்ரல்லேர்ந்து ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண் இல்லாம ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் நமக்கு விற்கக் கூடாது. கடைக்காரர் விற்கறதுக்குத்தான் அந்த விதி. நாம வீட்ல வெச்சிருக்கற பழைய நகையை அவர்கிட்ட விற்கறதுக்கு ஒரு தடையும் இல்ல. சட்டத்தைக் காட்டி விலையைக் குறைக்கறது ஒரு புது டெக்னிக்கா ஆயிடுச்சு.

சரி, டீச்சர் கதைக்கு வருவோம். 15 காரட்னு கண்டுபிடிச்ச உடனே எனக்குத் தலைகால் புரியல. அதோட நிறுத்தியிருக்கணும். கல்லுக்குப் போனேன்.

ரூபாய் நோட்டுல கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. விளக்கை அணைச்சுட்டு மோதிரத்து மேல அடிச்சேன். கல்லு கங்கு மாதிரி செக்கச்செவேல்னு எரியுது! கண்ணாடின்னா பொதுவா இப்படி எரியாது. கார்னெட்னா சும்மா கருப்பா இருக்கும். அப்ப இது மாணிக்கம். நூறு வருஷத்து இங்கிலீஷ் மோதிரம், துரை வீட்டுது, அந்தக் காலத்துல பர்மாவும் அவங்க கையில. எல்லாம் பொருந்துது. ராத்திரி ஒம்பது மணிக்குக் கீழ போய்க் கதவைத் தட்டி, "டீச்சர், கல்லு கெம்புங்க, அசல்!"ன்னுட்டேன்.

அவங்க முகத்துல வந்த வெளிச்சத்தை எப்படி எழுதறதுன்னு தெரியல. அன்னிக்கு ராத்திரியே பெங்களூர்ல இருக்கற மகனுக்கு ஃபோன் போட்டுட்டாங்க. "நாலு வருஷ ஃபீஸும் இதுலயே வந்துடும் போலடா"ன்னு அவங்க சொன்னது மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு. தங்கமணி மட்டும், "நல்லாத் தெரியுமா உங்களுக்கு? லேப்ல காட்டாம ஏன் சொன்னீங்க?"ன்னு கேட்டாங்க. எல்லாம் எனக்குத் தெரியும்னேன். (இந்த வரியை ரொம்ப நேரம் அழிச்சு அழிச்சு எழுதினேன்.)

அடுத்த வாரம் ரெண்டு இடத்துக்கும் நானே கூட்டிட்டுப் போனேன். முதல்ல பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற சோதனை மையம். இதை நிறையப் பேர் தெரிஞ்சுக்கறதே இல்ல, கடைக்காரங்க மட்டும்தான் அங்க போகலாம்னு நினைச்சுக்கறாங்க. நம்மள மாதிரி ஆளுங்களும் போகலாம். நாலு உருப்படி வரைக்கும் 200 ரூபாய், வரி தனி. மெஷின்ல வெச்சாங்க, 62.6 சதவீதம். நங்கூரம் பொய் சொல்லல. அந்த மெஷின் எக்ஸ்ரே அடிச்சு மேற்பரப்பைத்தான் படிக்கும், கனமா முலாம் பூசினா ஏமாந்துடும். அடி வரைக்கும் உறுதியா வேணும்னா கொஞ்சம் சுரண்டி எடுத்து உருக்கிப் பார்க்கணும். ஆனா முத்திரையும் மெஷினும் ஒண்ணையே சொல்றப்ப அதுக்கு அவசியமில்ல.

அப்புறம் கல் சோதிக்கிற லேப். அங்க இருந்த பொண்ணுக்கு வயசு இருபத்தஞ்சு இருக்கும். கல்லை ஒரு சின்னக் கருவியில வெச்சுப் பார்த்துட்டு, "ஒளிவிலகல் 1.76 வருதுங்க, கண்ணாடி இல்ல, கொரண்டம்தான்"னு சொன்னாங்க. மாணிக்கமும் நீலமும் கொரண்டம்ங்கற ஒரே கனிமம்தான். நான் டீச்சரைப் பார்த்து, சொன்னேன்ல-ங்கற மாதிரி ஒரு சிரிப்பு வேற சிரிச்சேன். அப்புறம் மைக்ராஸ்கோப். ரெண்டு நிமிஷம் பேச்சே இல்ல. "சார், வந்து பாருங்க"ன்னாங்க.

கல்லுக்குள்ள கிராமபோன் தட்டுல இருக்கற மாதிரி வளைவு வளைவாக் கோடு. நடுவுல ஊசிமுனை அளவு காத்துக்குமிழ் ரெண்டு மூணு. பூமிக்குள்ள வளர்ந்த படிகத்துல கோடு இருந்தா நேரா, படிகத்தோட முகத்துக்குத் தக்கபடி இருக்கும். வளைஞ்சிருக்காது. இது தீயில வளர்த்த கல். வெர்நாய்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி 1902-ல அறிவிச்ச முறை. அலுமினியம் ஆக்ஸைடு பொடியில துளி குரோமியம் கலந்து, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரியற தீ வழியாக் கொட்டுவாங்க. உருகி விழுந்து கீழ சொட்டுச் சொட்டா, மெழுகு மாதிரி வளரும். சில மணி நேரத்துல மாணிக்கம் ரெடி. வேதியியல்படி அதுவும் மாணிக்கமேதான், அதே கடினம், அதே ஒளிவிலகல். புற ஊதா விளக்குல இயற்கைக் கல்லை விடப் பிரமாதமா எரியும்! நான் குதிச்ச குதியெல்லாம் அதுக்குத்தான்.

1910 வாக்குல இந்தக் கல் சந்தையில நிறைய இருந்துச்சு. அப்ப அது புது அதிசயம். ஆக மோதிரம், கல் ரெண்டும் ஒரே காலம். யாரும் பின்னாடி மாத்தி வெச்சு ஏமாத்தல. நம்ம ஊர்லயும் இது புதுசில்ல, மேட்டுப்பாளையத்துலயே செயற்கைக் கல் வளர்க்கிற தொழிற்சாலை இருந்துச்சு, திருச்சிப் பக்கம் அதைப் பட்டை தீட்டியே ஊர் ஊராப் பிழைச்சிருக்காங்க. இத்தனை பக்கத்துல இருந்தும் எனக்கு அது அந்த ராத்திரி ஞாபகம் வரல பாருங்க. ஆசை.

லேப் பொண்ணு எனக்கு ஆறுதலா ஒண்ணு சொன்னாங்க. பிரிட்டிஷ் ராஜா கிரீடத்துல முன்னாடி இருக்கற 'கருப்பு இளவரசர் மாணிக்கம்' மாணிக்கமே இல்லயாம், ஸ்பினல்ங்கற வேற கல். பல நூறு வருஷம் ராஜாக்களே தப்பா நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ராஜாவுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வேண்டிய அவசியம் இல்லயே.

ஆட்டோல திரும்பி வரும்போது டீச்சர் ஒண்ணும் பேசல. நான்தான், "மன்னிச்சுக்குங்க டீச்சர், நான் அவசரப்பட்டுட்டேன்"னேன். "கண்ணாடின்னு சொன்னவரும் பார்க்காமச் சொன்னாரு, கெம்புன்னு நீங்களும் பார்க்காமச் சொன்னீங்க. விடுங்க தம்பி"ன்னாங்க. நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவங்க. அடி விழுந்தது எனக்குத்தான் தெரியும்.

இப்ப என் கட்சியைச் சொல்லிடறேன், அடிக்க வர்றவங்க பின்னூட்டத்துல வாங்க. முத்திரைங்கறது சாட்சி. யாரோ ஒருத்தர், விற்கறவரும் இல்லாம வாங்கறவரும் இல்லாம, உருக்கிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார். லென்ஸும் பொறுமையும் இருந்தா அதை நீங்களும் நானும் படிக்கலாம். போலி முத்திரை உண்டு, 916-னு ஒரு அச்சை யாரும் செஞ்சு அடிக்கலாம், அதுக்குத்தான் எச்.யு.ஐ.டி. எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில போட்டுப் பார்க்கற வசதி. ஆனா கல்லுக்குச் சாட்சியே கிடையாது. மோதிரத்துல எத்தனை முத்திரை இருந்தாலும் ஒண்ணுகூட கல்லைப் பத்திப் பேசாது. அந்த இடத்துல எங்கள மாதிரி அரைகுறைகள் புகுந்துடறோம். பால்ல போட்டா பால் சிவக்கும்பார் ஒருத்தர், கண்ணுல ஒத்திக்கிட்டா ஜில்லுன்னு இருக்கும்பார் இன்னொருத்தர், டார்ச் அடிக்கிறவன் நான். மூணு பேரும் ஒரே ஜாதி.

அதைவிடப் பெரிய கோபம் ஒண்ணு இருக்கு. கல் வெச்ச நகையை வாங்கும்போது பல கடைகள்ல கல்லையும் சேர்த்து எடை போட்டுத் தங்க விலை வாங்கறாங்க. அதையே திருப்பிக் கொண்டுபோனா முதல் வேலையா கல்லைக் கழிக்கறாங்க. வர்றப்ப தங்கம், போறப்ப குப்பை! பில்லுல நகையோட மொத்த எடை, கல் எடை, தங்கத்தோட எடை மூணும் தனித்தனியா எழுதிக் கேளுங்க. அதுல என்ன வெக்கம்? சொந்தக்காரங்க கடையில கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. தப்பா நினைக்கட்டும். கேக்காம வாங்கிட்டு வந்து இருபது வருஷம் கழிச்சு மனசுக்குள்ள திட்டறதுக்கு அது மேல்.

இன்னொண்ணும் சொல்லணும். நங்கூரம் தெளிவா இருக்கற அந்த மாதிரி மோதிரத்தை உருக்கவே கூடாது, மோதிரமாவே வாங்க ஆள் இருப்பாங்கன்னு நான் டீச்சர்கிட்ட வாதாடினேன். "எப்ப வருவாங்க தம்பி?"ன்னு கேட்டாங்க. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. பதில் சொல்ல முடியல. அடுத்தவங்க போட்ட மோதிரம்னா தோஷம்னு தொடவே பயப்படற ஊர்ல, பழைய மோதிரத்துக்குப் போற வழி உருக்குற உலை மட்டும்தான்.

சோதனை மையத்துச் சீட்டைக் காட்டினதும் வேற ஒரு கடையில 62 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டு, கழிவு கொஞ்சம் எடுத்துட்டு, மரியாதையாப் பணம் குடுத்தாங்க. முதல் கடையில சொன்னதை விட நல்லாவே கூட வந்துச்சு. முதல் வருஷ ஃபீஸ்ல பாதி தேறிடுச்சு. மீதியை மகன் அனுப்பிட்டார். கல்லைக் கழட்டி ஒரு காகிதத்துல மடிச்சுக் கையில குடுத்தாங்க. அதை டீச்சர் சாமி படத்துக்குக் கீழ வெச்சிருக்காங்க. உருக்கறதுக்கு முன்னாடி முத்திரையை மட்டும் நான் லென்ஸ் வழியா ஃபோட்டோ எடுத்து பிரிண்ட் போட்டுக் குடுத்தேன்.

போன ஞாயித்துக்கிழமை காபி குடிக்கக் கூப்பிட்டிருந்தாங்க. அந்த ஃபோட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "ஏன் தம்பி, இது எந்த ஊருன்னு சொன்னீங்க?"ன்னாங்க.

"பர்மிங்காமுங்க டீச்சர்."

"அங்க கடல் இருக்குதா?"

"இல்லீங்க. இங்கிலாந்துக்கு நட்ட நடுவுல இருக்குது. கடல் ரொம்ப தூரம்."

"அப்ப மாமா சொன்னது அத்தனையும் டூப்பு"ன்னு சொல்லிட்டு, அன்னிக்குத்தான் அந்த மாசத்துல முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சாங்க.